ஈரச் சப்பாத்தும் இரண்டாவது சோடியும்

மழைக்குள் சைக்கிள் ஓடுவதை வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைக் கவிதையாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓடி முடித்து வந்து கழற்றிப் போட்ட சப்பாத்துக்கு அதன்பிறகு என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. எழுதுகிற அளவுக்கு அதில் என்ன கிடக்கு என்று நினைக்கலாம். கிடக்கு. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற ஏழெட்டுப் பேர். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன் என்று ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வந்து மலைநாட்டில் ஒன்றாக விழுந்தவர்கள். கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் கை மவுண்டன் பைக்குகள். லெக்சர் இல்லாத நாட்களில் கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓடுவோம். இந்தப் பக்கத்தில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபரிலும் நவம்பரிலும் பின்னேரம் பார்த்துக் கொட்டுகிற இடைப்பருவ மழை. அதுக்குப் பிறகு வடகீழ். நனையாமல் ஓட வேண்டும் என்றால் வருசத்தில் பாதி நாள் சைக்கிளைத் தொடவே ஏலாது. ஆகவே நனைவதைப் பற்றி எங்களுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை காய்வதில்தான்.

சொல்ல வந்ததை முதலே சொல்லிவிடுகிறோம். நனைந்த சப்பாத்துக்குத் தேவை சூடு இல்லை, நேரம். அந்த நேரம் இரண்டாவது சோடி வைத்திருப்பவருக்குத்தான் கிடைக்கிறது. ஒரே சோடியோடு இருப்பவரை அவசரப்படுத்துகிற விதிகளும், அவருக்கு ஒரு கொடி கட்டக்கூட இடம் விடாத கட்டடங்களும்தான் எங்களைச் சுற்றி இருக்கின்றன. அது மாற வேண்டும்.

தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது

மவுண்டன் பைக்குக்கென்று செய்யப்படுகிற சப்பாத்துகள் இரண்டு வகை. ஒன்று, பெடலில் இருக்கிற கூர் முனைகளைப் பிடித்துக்கொள்கிற மாதிரித் தட்டையான, மெதுவான இறப்பர் அடி உள்ளது. மற்றது, அடியில் ஒரு சின்ன உலோகத் துண்டைப் பூட்டி, அதைப் பெடலில் கொழுவி ஓடுவது. 1990 இல் ஷிமானோ நிறுவனம் எஸ்.பி.டி. என்ற பெயரில் கொண்டுவந்த முறை இது. எங்கள் ஊர்களில் இந்த இரண்டையும் காண்பது குறைவு. பெரும்பாலானவர்கள் ஓடுவது சாதாரண ஸ்போர்ட்ஸ் சப்பாத்து அல்லது பள்ளிக்கூடக் காலத்துக் கன்வஸ் சப்பாத்தோடுதான்.

எதுவாக இருந்தாலும் உள்ளமைப்பு ஒன்றுதான். மேலே துணி அல்லது தோல், உள்ளே பஞ்சுத் திண்டு, அடியில் நுரை, இவை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிற பசை. மேல்துணி நனைவது பெரிய விசயமே இல்லை, அது காற்றுப் பட்டதும் காய்ந்துவிடும். குதிக்காலைச் சுற்றியும் நாக்கிலும் இருக்கிற பஞ்சுதான் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே விடமாட்டேன் என்று அடம்பிடிப்பது. கொழுவுகிற வகைச் சப்பாத்தில் உலோகத் துண்டு பூட்டுகிற துளை வழியாகவும் தண்ணீர் ஏறும். தொட்டுப் பார்த்தால் வெளியே காய்ந்திருக்கும், போட்டு நாலு அடி நடந்தால் மேஸ் நனையும். அந்த ஏமாற்று வேலை பஞ்சுடையது.

"தண்ணி போகாத சப்பாத்து வாங்கினா முடிஞ்சுதே" என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். அந்த விலையை விடுங்கள். ஓடையைக் கடக்கும்போதும் முன் ரயர் அடிக்கிற சேற்றிலும் தண்ணீர் கணுக்கால் வழியாகத்தான் உள்ளே இறங்கும். தண்ணீரை உள்ளே விடாத சவ்வு அதை வெளியேயும் லேசில் விடாது. கால் வாளிக்குள் நிற்கிற மாதிரித்தான் இருக்கும். சாதாரண வலைத்துணிச் சப்பாத்து ஒரு இரவில் காய்கிற இடத்தில், அது இரண்டு மூன்று நாள் எடுக்கும்.

செய்ய வேண்டியது

முதலாவது, கழுவுவது. ஏற்கெனவே நனைந்ததை ஏன் திரும்ப நனைப்பான் என்று தோன்றும். ஆனால் சேறு துணியின் கண்களை அடைத்துக்கொண்டு காய்ந்தால் உள்ளே இருக்கிற ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. வலிகாமத்துச் செம்மண் என்றால் கறையும் போகாது. மட்டக்களப்புப் பக்கத்து மணல் என்றால் தையலுக்குள் இருந்துகொண்டு நூலை அரிக்கும். பழைய பல் பிரஷ், பைப் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம் காணும். சலவைத்தூளை அள்ளிப் போட வேண்டாம். வோஷிங் மெஷினுக்குள்ளும் போட வேண்டாம்.

இரண்டாவது, பிரிப்பது. லேஸை முழுதாகக் கழற்றுங்கள். நாக்கை வெளியே இழுத்து விடுங்கள். உள்ளே இருக்கிற தட்டையை எடுத்துத் தனியாக நிறுத்தி வையுங்கள். தட்டையை உள்ளே விட்டே காயப்போடுவதுதான் சப்பாத்து நாறுவதற்கு முதற்காரணம். அதுக்கும் அடிக்கும் நடுவில் காற்றே போகாது. அடியில் உலோகத் துண்டு இருந்தால் அதன் ஆணிகளைத் துடைத்து ஒரு சொட்டு கிறீஸ் தடவுங்கள். துருப்பிடித்து இறுகினால் பிறகு கழற்றுவது பெரும்பாடு.

மூன்றாவது, அமத்துவது. பழைய துவாயை உள்ளே திணித்து, வெளியிலும் சுற்றி, உள்ளங்கையால் நன்றாக அமத்துங்கள். ஒரு சப்பாத்து அரைக் கிளாஸ் தண்ணீரைச் சும்மா வைத்திருக்கும். காற்று உலர்த்த வேண்டிய தண்ணீரில் பெரும்பங்கை இந்த ஐந்து நிமிசத்தில் எடுத்துவிடலாம்.

நான்காவது, பேப்பர். இதுதான் எங்கள் நாட்டுக்கு ஏற்ற வைத்தியம். பத்திரிகைத் தாளைத் தளர்வாகக் கசக்கி மூக்கு வரைக்கும் போட வேண்டும். இறுக்கி அடைந்தால் வடிவம் கெடும், காற்றும் போகாது. முதல் தாள் முக்கால் மணித்தியாலத்தில் தொதொதொத்துவிடும். எடுத்துவிட்டு அடுத்தது. பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், படுக்கப் போகுமுன் கடைசியாக ஒருக்கால். ஈரத் தாளை இரவு முழுக்க உள்ளே விட்டால் அது ஈரத்தை எடுக்காது, காத்து வைக்கும். பேப்பர் வைத்தும் காயவில்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேர் தாளை மாற்றாதவர்கள்.

ஞாயிறு வீரகேசரி ஒன்று இருந்தால் ஒரு சோடிக்குத் தாராளமாகக் காணும். கலைப்பீடத்தார் அறைகளில் மலையாகக் குவிந்து கிடக்கிற நோட்ஸ் போட்டோகொப்பிகள் இதுக்கு உதவா. எழுதுகிற, அச்சடிக்கிற வெள்ளைத் தாளில் மை ஊறாமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும். அந்தப் பூச்சே தண்ணீரையும் தடுக்கும். பத்திரிகைத் தாளில் அது இல்லாததால்தான் அது உறிஞ்சுகிறது. வெள்ளைச் சப்பாத்து என்றால் பத்திரிகை மை ஒட்டும், ஆகவே முதலில் ஒரு பழைய துணித் துண்டைச் சுற்றி அதுக்குள் பேப்பரை வையுங்கள்.

ஐந்தாவது, காற்று. சப்பாத்தின் வாயைக் காற்று வருகிற பக்கம் திருப்பி, குதிப்பக்கம் உயர்ந்திருக்கச் சாய்த்து வையுங்கள். நிலத்தில் தட்டையாக வைக்க வேண்டாம். கதிரைக் கால்களைத் தலைகீழாக்கி அதில் கொழுவலாம், கம்பியில் தொங்கவிடலாம். மேசை ஃபேன் இருந்தால் அதிர்ஷ்டம். மலைநாட்டு இரவில் காற்றின் ஈரப்பதன் 90 வீதத்தைத் தொடும். ஏற்கெனவே தண்ணீர் நிறைந்த காற்று அசையாமல் நின்றால் சப்பாத்திலிருந்து எதையும் வாங்காது. அசைந்துகொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும். பூட்டிய அறையில் ஃபேன் போட்டுப் பிரயோசனம் இல்லை, சன்னலில் ஒரு நீக்கல் வேண்டும்.

அரிசிக்குள் புதைப்பது, பெட்டியோடு வருகிற சிலிக்கா ஜெல் பைக்கற்றைப் போடுவது என்று சில கதைகள் உண்டு. ஐந்து கிராம் சிலிக்கா ஜெல் நல்ல நிலையில் இருந்தாலும் இரண்டு கிராம் தண்ணீருக்கு மேல் எடுக்காது. அரைக் கிளாஸ் தண்ணீருக்கு எத்தனை பைக்கற் வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அரிசியைச் சமைக்க வைத்துக்கொள்ளுவோம்.

சூடு என்கிற குறுக்குவழி

இனி எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துக்கு வருவோம். விறகடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது, அயன் பெட்டியை உள்ளே விடுவது, ஹெயார் டிரையரை உச்சச் சூட்டில் பிடிப்பது, றைஸ் குக்கர் மூடியில் கவிழ்ப்பது. காரணம் எல்லாருக்கும் தெரியும். நாளைக்குக் காலையில் அதே சப்பாத்தைப் போட வேண்டும்.

இரசாயனத்தை ஓ.எல். பரீட்சையோடு வழியனுப்பி வைத்தவர்கள் நாங்கள். எங்களுக்கே விளங்குகிற விசயம் இது. சப்பாத்தின் அடியை மேலோடு பிடித்து வைத்திருப்பது சூட்டில் இளகுகிற பசை. தொழிற்சாலையிலேயே சூடு காட்டித்தான் அதை ஒட்டுவார்கள். திரும்பவும் சூடு காட்டினால் அது விட்டுக்கொடுக்கும். முதலில் பெருவிரல் பக்கத்தில் ஒரு சின்ன வாய் திறக்கும், அடுத்த மழைக்கு அது சிரிக்கும். அடியில் இருக்கிற நுரை சூட்டில் சுருங்கும், சுருங்கியது திரும்ப விரியாது. தோல் என்றால் இன்னும் மோசம். ஈரத்தோல் சூடு பட்டால் இறுகிப் பலகையாகும், மடிகிற இடத்தில் வெடிக்கும்.

சூடே கூடாது என்றில்லை. பழைய மாதிரிக் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் இளஞ்சூடாக இருக்கும். அதுக்குப் பக்கத்தில் வைப்பது எங்கள் அம்மாமார் கண்டுபிடித்த நல்ல வழி. கையை ஐந்து நிமிசம் சும்மா வைத்திருக்கக்கூடிய சூடு என்றால் சப்பாத்தும் தாங்கும், கை பொறுக்காத சூட்டைச் சப்பாத்தும் பொறுக்காது. வெயிலும் அப்பிடித்தான். காலை வெயில் நல்லது, மணமும் போகும். உச்சி வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் நிறமும் போகும், பசையும் போகும்.

நன்றாகக் காயாத சப்பாத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினால் இன்னொரு பிரச்சினை. ஒன்றிரண்டு வருசம் கழித்துக் கலியாண வீட்டுக்கென்று எடுத்துப் போட, அடி முழுதும் பிஸ்கற் மாதிரி உதிர்ந்து விழுவதைக் கண்டிருப்பீர்கள். அது கடைக்காரர் ஏமாற்றியதால் மட்டும் நடப்பதில்லை. பொலியூரித்தேன் என்ற பொருளால் செய்த அடிகளைக் காற்றில் இருக்கிற ஈரமே மெல்ல மெல்ல அறுக்கும். எங்கள் மாதிரி ஈரமும் வெக்கையும் சேர்ந்த நாடுகளில் அது வேகமாக நடக்கும். பூட்டி வைத்திருப்பதை விட இடைக்கிடை போட்டு நடந்து, காற்றாட விடுவது நல்லது.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி. உள்ளே கையை விட்டுக் குதிப்பக்கப் பஞ்சை அமத்திப் பிடியுங்கள். குளிர்ந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, ஆவியாகும்போதுதான் அந்தக் குளிர் வரும். சந்தேகம் என்றால் ஒரு காய்ந்த தாளை உள்ளே வைத்து விடியப் பாருங்கள். தாள் மொறுமொறு என்று இருந்தால் சரி.

யாரிடம் நேரம் இருக்கிறது

மேலே சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்தால் வலைத்துணிச் சப்பாத்து ஒரு இரவில் காயும். பஞ்சு கூடியது இரண்டு நாள் எடுக்கும். தோல் என்றால் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். மழை விடாமல் பெய்தால் இன்னும் கூட.

இந்த இரண்டு நாளும் நீங்கள் எதைப் போட்டுக்கொண்டு திரிவீர்கள்? எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. சப்பாத்துக் காயவைப்பது பற்றிய அறிவுரைகள் எல்லாம் வாசிக்கிறவருக்கு இரண்டாவது சோடி இருக்கிறது என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. "48 மணித்தியாலம் நிழலில் உலர விடவும்" என்பது சரியான அறிவுரைதான். ஆனால் அது ஒரு சொத்துக் கணக்கும்கூட.

அடுப்படியில் சப்பாத்து வைக்கிறவருக்குப் பசை இளகும் என்று தெரியாமல் இல்லை. நாளைக்குப் போட வேறு இல்லை. அவசரமாகக் காயவைத்ததால் அது ஒரு வருசத்தில் கிழியும், மற்றவருடையது மூன்று வருசம் வரும். இரண்டு சோடி வாங்கக்கூடியவர் கடைசியில் குறைவாகச் செலவழிக்கிறார், ஒரு சோடி வாங்குகிறவர் கூடச் செலவழிக்கிறார். வறுமை சிக்கனமானது என்று நினைப்பவர்கள் ஒரு மாரிகாலம் ஒரே சோடியோடு இருந்து பார்க்க வேண்டும்.

நாங்கள் ஓடுகிற பாதைகளிலேயே இது தெரிகிறது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட காலம் தொடக்கம், இந்த மலைகளில் வெட்டப்பட்ட பாதைகள் கொழுந்தும் கூடையும் லொறியும் போவதற்கானவை. நாங்கள் விளையாட்டுக்கு நனைகிற அதே மழையில், இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் வேலைக்காக நனைகிறார்கள். எங்களுக்கு அட்டை கடித்தால் ஒரு கதை கிடைக்கும். அவர்களுக்கு அது நாளாந்தம். மாலையில் லயத்துக்குத் திரும்பினால், ஒரு அறை, ஒரு இஸ்தோப்பு, ஒரு அடுப்பு. வேலைக்குப் போனவரின் உடுப்பு, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் சீருடை, எல்லாருடைய செருப்பும் சப்பாத்தும் அந்த ஒரு அடுப்பைச் சுற்றித்தான் காய வேண்டும். எங்களில் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குப் புகை மணக்கிற சீருடை என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

காலுக்கு என்ன ஆகும்

ஈரச் சப்பாத்தையே போட்டால் என்ன? போடலாம். ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது. தொடர்ந்து போட்டால் விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறி, உரிந்து, சேற்றுப்புண் வரும். பங்கசு ஒருக்கால் சப்பாத்துக்குள் குடியேறினால் காலுக்கு மருந்து பூசியும் பிரயோசனமில்லை, சப்பாத்து திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளின் தண்ணீருக்குள் நாட்கணக்கில் நின்ற ஆயிரக்கணக்கான படையினரின் கால்கள் அழுகிப் போயின. அதுக்குப் பெரிய மருந்தொன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. கால்களைத் துடைத்துக் காயவிடுவது, மேஸ் மாற்றுவது, ஒருவர் காலை மற்றவர் பார்ப்பது என்று ஒழுங்கு செய்த பிறகுதான் நிலைமை குறைந்தது. காய்ந்த மேஸ் ஒரு சோடி சில நேரம் வைத்தியரை விடப் பெரியது.

எங்கள் நாட்டில் இன்னொரு பயமும் உண்டு. எலிக்காய்ச்சல். எலி சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் இருந்து, காலில் இருக்கிற வெடிப்பு, கீறல் வழியாக அந்தக் கிருமி உடலுக்குள் போகிறது. 2008 இல் மட்டும் இலங்கையில் 7000 க்கும் மேற்பட்டோர் இந்தச் சந்தேகத்தில் பதிவானார்கள். வயல் வேலை செய்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஆனால் பெடல் கீறிய காலோடு சேற்றுக்குள் இறங்குகிறவர்களும் யோசிக்க வேண்டும். ஊறி உரிந்த தோல் என்பது திறந்து விட்ட கதவு. ஓடி வந்ததும் காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். சில நாட்களில் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு என்று வந்தால் பனடோலோடு படுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேற்றுக்குள் இறங்கியதையும் சொல்லுங்கள்.

"அப்ப செருப்போட ஓடுங்கோவன்" என்றும் சிலர் சொல்வார்கள். சமதரையில் கடைக்குப் போக அது சரி. கல்லும் வேரும் உள்ள இறக்கத்தில் பாட்டாச் செருப்பு பெடலில் வழுக்கினால் பெருவிரல் நகம் மிஞ்சாது.

வாசலில் நிற்கிற சப்பாத்து

எங்களுக்குச் சைக்கிள் ஒரு விளையாட்டு. வன்னியில் ஐந்தாறு கிலோமீற்றர் சைக்கிள் ஓடிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அது விளையாட்டு இல்லை. குழியும் சேறுமான றோட்டில் மாரிகாலத்தில் அந்தப் பிள்ளை ஓடுவதும் ஒரு மவுண்டன் பைக் ஓட்டம்தான். போட்டிருப்பது மட்டும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து.

கல்வி அமைச்சு கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வவுச்சர் கொடுத்து வருகிறது. நல்ல விசயம், குறை சொல்ல மாட்டோம். ஆனால் அது ஒரு சோடிக்கானது. திங்கள் நனைந்த சோடி செவ்வாய் காலை காயாது. அப்போது அந்தப் பிள்ளைக்கு மூன்று வழிதான்: ஈரத்தோடு போட்டுக்கொண்டு போவது, செருப்போடு போய் வாசலில் மாட்டுப்படுவது, போகாமல் விடுவது. பெயர் சொல்லத் தேவையில்லாத எத்தனையோ பள்ளிக்கூடங்களின் வாசலில், மழை கொட்டுகிற நாளில் செருப்போடு வந்த பிள்ளைகள் தனியாக நிறுத்தப்படுவதை நாங்கள் பார்த்து வளர்ந்திருக்கிறோம். அந்த வரிசையில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஒழுக்கம் வேண்டாமா என்று கேட்கும் ஆசிரியர்களை நாங்கள் மதிக்கிறோம். எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும், பணக்காரப் பிள்ளை ஏழைப் பிள்ளை என்ற பிரிவு கண்ணில் படக்கூடாது என்பதுதான் சீருடையின் நோக்கம். அப்படி என்றால் மழை நாளில் சப்பாத்து விதி செய்வது அதுக்கு நேர்மாறானது. யாரிடம் ஒரு சோடிதான் இருக்கிறது என்பதை அது முழுப் பள்ளிக்கூடத்துக்கும் காட்டிக் கொடுக்கிறது.

விடுதியில் கொடி கட்ட இடமில்லை

கம்பஸ் விடுதிகளுக்கும் இதே கதைதான். ஈரவலயத்தில் வருசக்கணக்காக மாணவர்கள் தங்குகிற கட்டடங்களில் படிக்க அறை உண்டு, சாப்பிட அறை உண்டு, டிவி பார்க்க அறை உண்டு. நனைந்ததைக் காயப்போட ஒரு இடம் பெரும்பாலும் இல்லை. நாலு பேர் ஒரு அறையில், நாலு சோடி ஈரச் சப்பாத்து கட்டிலுக்குக் கீழே. வெளியே வைத்தால் களவு போகும், மழைச்சாரலில் திரும்ப நனையும், இல்லாவிட்டால் விடுதி அழகு கெடுகிறது என்று அறிவித்தல் ஒட்டுவார்கள்.

பெண்கள் விடுதியில் இன்னும் கொஞ்சம் கஷ்டம். இருட்டின பிறகு முற்றத்துக்குப் போய்க் கொடியில் கிடப்பதை எடுக்க ஏலாது. சன்னல் கம்பியில் எதையும் தொங்கவிட்டால் வெளியே தெரிகிறது என்று பேச்சு. எங்கள் குழுவில் ஓடுகிற பெண்கள் மழைக் காலத்தில் வருவதைக் குறைப்பது மழைக்குப் பயந்து இல்லை. ஓடிவிட்டு வந்து சப்பாத்தையும் உடுப்பையும் எங்கே போடுவது என்று தெரியாததால். அதைத்தான் வெளியில் இருப்பவர்கள் "பெட்டையளுக்கு இதில ஆர்வம் இல்லை" என்று மொழிபெயர்க்கிறார்கள்.

இதுக்குப் பெரிய திட்டமும் நிதியும் வேண்டியதில்லை. மழைச்சாரல் அடிக்காத ஒரு கூரைத் தாழ்வாரம், காற்றுப் போகிற வலை அடைத்த சுவர், குறுக்கே நாலு கம்பி, சப்பாத்துச் சாய்த்து வைக்க ஒரு மரத்தட்டு, மெதுவாகச் சுற்றுகிற ஒரு ஃபேன், ஒரு பூட்டு. தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சைக் கொழுந்தை வாட வைக்க நீளமான தொட்டிகளுக்குக் கீழிருந்து காற்று அடிப்பார்கள். ஈரத்தை வெளியேற்றக் காற்றை எப்பிடி அசைக்க வேண்டும் என்பது இந்த மலைகளில் நூறு வருசத்துக்கு மேலாகத் தெரிந்த வித்தை. கொழுந்துக்குச் செய்ததை அதைப் பறிக்கிறவரின் செருப்புக்கும், அவரின் பிள்ளையின் சப்பாத்துக்கும் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. தேயிலைக்கு விலை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் கேட்பது

ஒன்று, மழை நாட்களில் செருப்போ வேறு நிறச் சப்பாத்தோ போட்டு வரலாம் என்று பாடசாலைகள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் கெஞ்சிப் பெறுகிற சலுகையாக அது இருக்கக்கூடாது. இரண்டு, புதிதாகக் கட்டுகிற, திருத்துகிற ஒவ்வொரு விடுதியிலும் காயப்போடும் இடம் ஒன்று வரைபடத்திலேயே இருக்க வேண்டும். தோட்டப்புறத்தில் கட்டுகிற வீடுகளுக்கும் இது பொருந்தும். மூன்று, சைக்கிள் ஓடுகிற எங்களைப் போன்ற குழுக்கள் தங்களுக்குள் செய்யக்கூடியது. எங்கள் அறையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். காய்ந்த, கழுவிய, இன்னும் ஓடக்கூடிய பழைய சப்பாத்துகள் அதில் இருக்கின்றன. யாருடையது நனைந்தாலும் அளவு பார்த்து எடுத்துப் போடலாம், மற்றது காய்ந்ததும் திருப்பி வைக்கலாம். யாரும் கணக்கு எழுதுவதில்லை.

சின்ன விசயத்துக்கு இவ்வளவு எழுத வேணுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நாட்டில் எவ்வளவு பிரச்சினை கிடக்க இவர்கள் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பார்கள். பெரிய பிரச்சினைகள் எல்லாம் ஆட்களின் காலடியில் இப்படிச் சின்னதாகத்தான் வந்து நிற்கின்றன என்பதே எங்கள் பதில்.

அடுத்த மழைக்கு உங்கள் சோடி நனைந்தால் தட்டையைக் கழற்றுங்கள், பேப்பரை மாற்றிக்கொண்டே இருங்கள், அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள். உங்களிடம் இரண்டாவது சோடி இருந்தால், உங்கள் வகுப்பில், உங்கள் அறையில் அது இல்லாதவர் யார் என்று ஒருக்கால் யோசியுங்கள். அவரின் காலளவையும் மெதுவாகக் கேட்டு வையுங்கள்.